நான்கு நாள் வாரம்

கேள்வி: வாரத்தில் நான்கு நாள் மட்டும் வேலை என்பது நடக்கிற காரியமா?

பதில்: பிரிட்டனில் நடத்தியே பார்த்துவிட்டார்கள். 2022-இல் 61 நிறுவனங்கள், சுமார் 2,900 ஊழியர்கள், ஆறு மாதம். சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. சோதனை முடிந்ததும் 56 நிறுவனங்கள் அப்படியே தொடர்ந்தன. நோய் விடுப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. திங்கட்கிழமைக் காய்ச்சலுக்கு மருந்து கிடைத்துவிட்டது!

எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. அவை தாமே விரும்பி வந்த நிறுவனங்கள். ஆஸ்பத்திரி வார்டையும் பஸ் டிப்போவையும் வெள்ளிக்கிழமை பூட்ட முடியாது. கூடுதல் ஆள் வேண்டும், செலவு ஏறும்.

கவனிக்க வேண்டியது மணிக்கணக்கைத்தான். பெல்ஜியத்தின் 2022 சட்டத்தில் நாள் குறையும், நேரம் குறையாது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவுக்கும் நான்கு நாள் வாரத்தையே காரணமாகக் காட்டினார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்.