நாயியல்: அச்சரப்பாக்கப் படலம்

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பது பண்டிதர் கட்சி. ஆகவே அதை முதலில் முடித்துவிடுவோம். இந்நூலின் எல்லை: வடக்கே மேல்மருவத்தூர், தெற்கே ஆத்தூர் சுங்கச்சாவடி, நடுவே வஜ்ரகிரி மலை. நுதலிய பொருள்: நாய். கேட்போர்: நாய் வளர்ப்போரும், நாயைக் கண்டதும் செருப்பைக் கையில் எடுப்போரும். களம்: ஜி.எஸ்.டி. சாலையோர டீக்கடை பெஞ்சு. பயன்: கடிபடாமை. வழி, அதாவது முதனூல் எது என்று கேட்டால்தான் கொஞ்சம் சங்கடம். தொல்காப்பியர் மரபியலில் நாய்க்குட்டியைப் பன்றி, புலி, முயல் இவற்றின் குட்டிகளோடு சேர்த்துக் குருளை என்றார். பெண் நாயையும் பெண் பன்றியையும் பாட்டி என்றார். சோபாவின் காலைக் கடிக்கும் குருளையை என்ன செய்வது என்று சொல்லாமல் அடுத்த சூத்திரத்துக்குப் போய்விட்டார். மிச்சம் நம் தலையில் விழுந்தது.

முதற் சூத்திரம்: பழக்காத நாய் உலகில் இல்லை.

டிரெயினிங் கொடுத்த நாய், கொடுக்காத நாய் என்று இரண்டாகப் பிரிப்பது உலக வழக்கு. அது பிழை. இதைச் செய்தேன், இது கிடைத்தது, உடனே கிடைத்தது என்று ஒவ்வொரு நாயும் கணக்கு வைத்திருக்கிறது. கிடைத்ததை மறுபடி செய்யும், கிடைக்காததை மெல்ல விட்டுவிடும். எதற்குப் பின் எது வரும் என்றும் அது கணக்கு வைத்திருக்கிறது. ரஷ்யாவின் பாவ்லோவ் இந்தக் கணக்கைத் தேடிப் போனவர்கூட அல்லர். அவர் ஆராய்ந்தது செரிமானம்; 1904-இல் நோபல் பரிசு வாங்கியதும் அதற்கே. சோறு வருமுன்பே, சோறு கொண்டுவரும் ஆளைக் கண்ட மாத்திரத்தில் நாய்க்கு எச்சில் ஊறுவது அவருடைய கணக்கைக் கெடுத்தது. கெடுத்ததையே ஆராய்ச்சியாக்கிப் பெயர் வாங்கினார். அச்சரப்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டதும் தெருமுனையில் நான்கு தலை நிமிர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. நம் ஊரில் யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவே.

எனவே இந்நூல் நாயை நிறத்தாலும் சாதியாலும் பகுக்காது. யார் பழக்கினாரோ அவரால் பகுக்கும்.

முதலாவது, சாலை பழக்கிய நாய். சிவபெருமான் திரிபுரம் எரிக்கப் புறப்பட்டபோது விநாயகரிடம் சொல்லிக்கொள்ளாததால் தேரின் அச்சு முறிந்து நின்றது இங்கே என்பது ஆட்சீஸ்வரர் கோயில் புராணம். வண்டிப் பாதையில் கவனமின்மைக்குத் தண்டனை உடனே வரும் என்பது இவ்வூரின் பழைய பாடம். அதை இன்று நாய்கள் படிக்கின்றன. நான்குவழிச் சாலையை இவை ஒரே மூச்சில் கடப்பதில்லை. முதலில் நடுத்திட்டு வரை. அங்கே அரளிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, சென்னைப் பக்கம் பார்த்த தலையைத் திண்டிவனம் பக்கம் திருப்பிக்கொண்டு, அடுத்த இடைவெளிக்குக் காத்திருக்கின்றன. ஒரே பரீட்சையை இரண்டு தாளாக எழுதுகின்றன. இந்த ஆசிரியர் தண்டனையால் மட்டுமே பழக்குகிறவர். அவரிடம் தேறியவற்றைப் பார்த்து ‘அடித்தால்தான் படியும்’ என்று முடிவு கட்டுவோர், தேறாதவை காலையில் சாலையோரம் கிடப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, டீக்கடை பழக்கிய நாய். நூலின் உயிர்நிலை இது என்பதால் சற்று நின்று பார்ப்போம். புதிதாக வந்து உட்கார்ந்தவரிடம் இது போகாது. கண்ணாடி டம்ளரில் டீ பாதியாகும் வரை பொறுக்கும். பிறகு எழுந்து வந்து, நேர் எதிரே அல்லாமல், முழங்காலுக்கு ஒரு முழம் பக்கவாட்டில் உட்காரும். கையில் இருக்கும் பிஸ்கட்டைப் பார்க்காது, முகத்தைப் பார்க்கும். முன்கால் ஒன்றை மட்டும் எடுத்து வைக்கும். ‘போ’ என்றால் போகும், ஆனால் சரியாக இரண்டு அடி. அதற்குமேல் போனால் ஆள் மறந்துவிடுவார் என்று அதற்குத் தெரியும்.

“அண்ணே, ரெண்டு பொறை.”

“உங்களுக்கா, இதுக்கா?”

“இதுக்குத்தாண்ணே.”

இங்கே யார் யாரைப் பழக்கினார் என்பது உரையாசிரியர்களிடையே வழக்கு. முன்கால் அசைந்தால் மனிதக் கை பாக்கெட்டுக்குள் போகிறது. போன உடனே அந்தக் கைக்குப் பரிசாக வால் ஆடுகிறது. பாவ்லோவ் சாலையோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் எச்சிலை எந்தப் பக்கம் அளப்பது என்று குழம்பியிருப்பார். கொல்கத்தா ஐசர் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் தெருநாய்களையே வைத்துப் பல ஆண்டுகளாக ஆய்வு செய்கிறார்கள். முன்பின் தெரியாத ஆள் விரலால் சுட்டிய கிண்ணத்தைத் தேடிப் போகவும் தெருநாய்க்குத் தெரிகிறது என்று கண்டார்கள். திரும்பத் திரும்பப் பழகும் அந்நியரிடம் தீனியைவிடத் தலைதடவலே நாயின் நம்பிக்கையைப் பெறுகிறது என்றும் 2017-இல் எழுதினார்கள். பொறை வாங்கக் காசில்லாதவரைச் சுற்றியும் ஒரு நாய் படுத்திருப்பதற்கு இதுவே காரணம் என்க.

கோயில் பழக்கிய நாய் பைரவர் வாகனம் என்ற பதவியில் வாழ்வது. தேய்பிறை அஷ்டமியன்று வயிறு நிறைய, மறுநாள் வழக்கம்போல். பஞ்சாங்கம் தெரிந்த நாய் என்பதைத் தவிர இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

மாணாக்கர்களில் மோசமாகப் பழக்கப்பட்டது வீட்டு நாய். அதற்குச் சம்பளம் வாங்காத வாத்தியார்கள் நாலைந்து பேர், ஆளுக்கொரு பாடத்திட்டம். பெண்டாட்டியோடும் பிள்ளைகளோடும் செந்தமிழில் சண்டை போடுகிறவர்கள்கூட நாயிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள்: ‘டைகர், கம்! சிட்! நோ!’ அப்பா ‘சிட்’ என்கிறார், பாட்டி ‘உக்காருடா கண்ணு’ என்கிறார், பையன் ‘டேய்’ என்கிறான். மூன்றும் ஒரே காரியத்துக்கு என்று நாய் எப்படி அறியும்? எந்த மொழியானாலும் சரி. வீடு முழுக்க ஒரே சொல்லாக இருக்க வேண்டும், ஒரே தடவை சொல்ல வேண்டும், உட்கார்ந்த அந்த நொடியில் கொடுக்க வேண்டும். உள்ளே போய் டப்பாவைத் திறந்து எடுத்துவருவதற்குள் நாய் எழுந்து நின்றிருக்கும். அப்போது கொடுத்தால் எழுந்ததற்குத்தான் கூலி.

இரண்டாம் சூத்திரம்: போகிறவர் போனதே கூலி.

தபால்காரரைக் கண்டால் நாய் ஏன் குரைக்கிறது? அவர் கேட்டருகே வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் போனது தபால் கொடுத்து முடிந்ததால் என்று நாய்க்கு யாரும் சொல்லவில்லை. தினமும் ஒரு எதிரியைத் துரத்தி வெல்லும் அந்த நாய்க்கு ஒரு நாளும் தோல்வி இல்லை. பிறகு அது ஏன் நிறுத்தப் போகிறது? 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நம் ராஜபாளையத்துக்கும் ஓர் இடம் கொடுத்தது. அந்த மரியாதைக்குப் பிறகும் காக்கிச் சட்டை விஷயத்தில் ராஜபாளையத்தின் கருத்து மாறவில்லை. மாற்ற வழி உண்டு: ஆள் வரும்போதே, குரை தொடங்குமுன், நாய்க்குத் தீனி விழ வேண்டும். ஆள் வந்தால் நல்லது நடக்கும் என்று கணக்கு மாறும். அலறி அடக்கப் பார்த்தால், முதலாளியும் சேர்ந்து குரைக்கிறார் என்று அது மகிழும்.

இனித் தடை விடை. ‘அற்றேல், தப்பு செய்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு மூலையில் பதுங்குகிறதே, குற்றம் உணராமலா?’ எனின், 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதற்கென்றே ஒரு சோதனை செய்தார். தொடாதே என்று சொன்ன தீனியை நாய் தின்றதா இல்லையா என்பது பற்றி முதலாளிக்குச் சில சமயம் பொய்த் தகவல் தரப்பட்டது. குற்றவாளி முகம் தின்ற நாய்க்கு வரவில்லை; திட்டு வாங்கிய நாய்க்கு வந்தது. தின்னாமலே திட்டு வாங்கியவற்றின் முகத்தில் அது இன்னும் நன்றாகவே படிந்தது. மாலையில் வேலை முடிந்து வந்து, காலையில் கிழித்த தலையணையைக் காட்டி அடிப்பவர்கள் நாய்க்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: இவர் வீட்டுக்கு வந்தால் அடி விழும்.

‘அற்றேல், நாய்க்கு நான் தலைவன் என்று காட்ட வேண்டாமா, ஓநாய்க் கூட்டத்தில் ஆல்ஃபா உண்டே?’ எனின், அந்தக் கதை ருடால்ஃப் ஷென்கெல் 1947-இல் எழுதியதிலிருந்து வந்தது. அவர் பார்த்தவை கூண்டுக்குள் அடைபட்டிருந்த ஓநாய்கள். 1970-இல் தம் புத்தகத்தால் அதைப் பரப்பிய டேவிட் மீச், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டு கூடவே இருந்து பார்த்தபின், அது பெரும்பாலும் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பமே என்று 1999-இல் திருத்தி எழுதினார். திருத்தம் அச்சரப்பாக்கம் வந்து சேரவில்லை. குட்டியை மல்லாக்கப் போட்டு அமுக்கிப் பாடம் கற்பிக்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமுக்கப்பட்ட குட்டி கற்பது, கை வந்தால் கடி என்பது.

‘அற்றேல், எல்லாம் கூலிக்குத்தானா, விசுவாசம் என்று ஒன்று இல்லையா?’ இத்தடைக்கு விடை சொல்ல இந்நூலால் முடியாது. சான்று மட்டும் காட்டலாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் விழுந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. கூலி கொடுப்பவன் விழுந்த பிறகும் அது நின்றிருக்கிறது. மாமல்லபுரத்தில் பூனையைத் தவத்தில் நிறுத்திய பல்லவர் காலம், நாய்க்குக் கொடுத்தது பெயரோடு ஒரு கல்.

குருளைக்குத் தனி இயல் எழுத வேண்டும், இடமில்லாததால் சுருக்கம். பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதை உலகம் என்று ஏற்கும்: குடை, ஹெல்மெட், சைக்கிள், ரயில் சத்தம், தாடிக்காரர். பார்க்காததற்குப் பின்னாளில் பயப்படும்; பயந்தது குரைக்கும், கடிக்கும். ஆனால் எட்டு வாரத்துக்குமுன் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. எவ்வளவு பலமாகக் கடித்தால் விளையாட்டு நின்றுபோகும் என்பதைக் கூடப்பிறந்தவைதான் கற்றுக்கொடுக்க முடியும். சோபா காலைக் கடிப்பது பல் முளைக்கும் நமைச்சல். கடிக்க வேறொன்று கொடுத்தால் சோபா பிழைக்கும். சைபீரியன் ஹஸ்கி வாங்கி அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடியில் கட்டுகிறவர்கள் பற்றி இந்நூல் பேசாது. அது தண்டனைச் சட்டத்தில் வர வேண்டிய பொருள்.

மூன்றாம் சூத்திரம்: ஆடும் வால் எல்லாம் அன்பன்று.

இடுப்போடு சேர்ந்து தாழ்வாக, தளர்ந்து ஆடினால் நட்பு. விறைத்து உயர்ந்து, நுனி மட்டும் படபடத்தால் கையை எடுத்துவிடவும். தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவதும், பசியில்லாமல் மூக்கை நக்குவதும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பதும் ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்பதன் படிநிலைகள். அடுத்தது உறுமல். உறுமலை அடித்து நிறுத்தினால் நாய் திருந்தாது; அறிவிப்பை மட்டும் விட்டுவிட்டு நேரே காரியத்துக்கு வரும். எதிரே வரும் நாயைக் கண்டு ஓடுவதும் கண்ணோடு கண் முறைப்பதும் அதற்குக் கொடுக்கும் அழைப்புகள். பக்கவாட்டில் திரும்பி, கையைத் தொங்கவிட்டு நின்றால் பெரும்பாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

போகாவிட்டால் வேறொரு பகுப்பு வேண்டும். அது உலக சுகாதார நிறுவனத்துடையது, அதில் விளையாட்டு இல்லை. முழுத்தோலில் நக்கினால் முதல் வகை, கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல் இரண்டாம் வகை, தடுப்பூசி வேண்டும். தோல் கிழிந்தாலும், ஏற்கெனவே உள்ள புண்ணில் எச்சில் பட்டாலும் மூன்றாம் வகை. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். எதுவானாலும் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் சமையலறையிலேயே இருக்கட்டும். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசிக்கு 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். காயம் ஆறிவிட்டது என்று 28-ஐ விடுகிறவர்கள் உண்டு. வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைத்தவர் அநேகமாக இல்லை.

கடைசியாக, நீதிமன்றம் செய்த பகுப்பு. கருத்தடை செய்து, ஊசி போட்டு, காதில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே நாயை விட வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டு விதி. பிறகு 2025 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடிக்கும் நாயைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. ஆக, தெருவில் பிடித்தால் ஒரு வகை, பஸ் நிலையத்தில் பிடித்தால் மற்றொன்று. டீக்கடை நாய் காது வெட்டுப்பட்டது, ஊசி போட்டது, யாரையும் கடிக்காதது. படுப்பது கடை வாசலில். திண்டிவனம் பஸ் வந்து நின்றதும் ஜன்னலோரம் யாராவது பிஸ்கட் பிரிக்கிறார்களா என்று பார்க்கச் சாலையைக் கடந்து போய்ச் சட்டத்துக்கு உட்படுகிறது. பஸ் கிளம்பியதும் கடந்து வந்து விடுபடுகிறது.