ஐந்து நிமிடத்தில் வெடிக்கப்போகும் கிரகம்

2017 நவம்பரில், டோக்கியோவையும் சுகுபாவையும் இணைக்கும் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று, வழியில் ஒரு நிலையத்திலிருந்து 20 வினாடி முன்கூட்டிக் கிளம்பிவிட்டது. ரயில் நிறுவனம் பயணிகளிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அதே நாட்டில்தான் 'டிராகன் பால் இசட்' தொடரின் வில்லன் பிரீசா, நமேக் கிரகத்தின் மையத்தைத் தாக்கிவிட்டு, இன்னும் ஐந்தே நிமிடத்தில் இது வெடித்துவிடும் என்று நாயகன் கோகுவிடம் அறிவித்தான். அறிவித்துவிட்டு ஏறக்குறைய பத்து எபிசோடு சண்டை போட்டான். வாரத்துக்கு ஒரு எபிசோடு. ஆக, 1991-இல் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நிமிடம் கழிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இதற்காக இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

நான் அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களின் ரசிகன். மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதையும் படிப்பவன். மீசை நரைத்த பிறகும் இதை விடவில்லை என்பதால் உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் எனக்கென்று ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுத வேண்டாம். ஒரு தொடர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஓவியம், இசை, கதை என்று ஒரு காலத்தில் பல அளவுகோல்கள் வைத்திருந்தேன். வயது ஏற ஏற எல்லாம் உதிர்ந்து ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. இந்தத் தொடர் என் ஆயுளை என்ன செய்கிறது?

நமேக் சண்டையையே எடுத்துக்கொள்வோம். கோகு முறைக்கிறான். பிரீசா முறைக்கிறான். ஒரு பாறை தரையிலிருந்து மெல்ல எழும்புகிறது. மறுபடி கோகு. வேறு ஒரு பாறை. அம்மா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனபோது பாறை எழும்பிக்கொண்டிருந்தது. வெறும் வாளியோடு இறங்கி வந்தபோதும் எழும்பிக்கொண்டுதான் இருந்தது.

"ஏண்டா, இன்னுமா அடிச்சுக்கல?"

"இப்ப அடிப்பான்மா."

"சொல்லிட்டே இரு. எங்க சீரியல்லயே இந்நேரத்துக்கு ரெண்டு அறை விழுந்திருக்கும்."

பதில் சொல்ல முடியவில்லை. மெகா சீரியலில் மாமியார் திரும்பிப் பார்ப்பதை மூன்று கோணத்தில் காட்டுவதைக் கிண்டலடித்தவன் நான். பிரீசாவை ஏழு கோணத்தில் காட்டினார்கள்.

இந்த இழுவைக்குப் பின்னால் ஒரு தொழில் நியாயம் இருக்கிறது. வாரப் பத்திரிகையில் மங்கா எழுதுபவர் வாரத்துக்கு இருபது பக்கத்துக்குள்தான் வரைய முடியும். அதைப் படமாக்கும் ஸ்டூடியோவோ அதில் இரண்டு மூன்று வாரச் சரக்கை ஒரே எபிசோடில் விழுங்கிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் சில மாதத்திலேயே படம் கதையை எட்டிப் பிடித்துவிடும். பிடித்தால் சொல்லக் கதை இருக்காது. எனவே முறைக்கச் சொல்கிறார்கள். பாறையை எழுப்புகிறார்கள். பின்னாளில், டிராகன் பால் இசட்டைத் தயாரித்த டோயி நிறுவனமே மனம் இரங்கி, சதையை எல்லாம் கழித்துவிட்டு 'டிராகன் பால் கை' என்ற பெயரில் 2009-இல் மறுபடி வெளியிட்டது. முதலில் பார்த்தவர்களுக்கு மீதி நேரத்தைத் திருப்பித் தரவில்லை.

முறைப்பு அலுத்துப்போனால் இன்னொரு வழி, பில்லர். மூலக் கதையில் இல்லாத எபிசோடுகளைச் சொந்தமாகச் செய்து இடைவெளியை அடைப்பது. இதில் 'நருடோ'வை அடிக்க ஆளில்லை. முதல் தொடர் 220 எபிசோடு. நாயகன் நருடோவின் நண்பன் சாசுகே ஊரைவிட்டுப் போகும் கதை 135-வாக்கில் முடிகிறது. அதற்குப்பின் வருவது கிட்டத்தட்ட முழுக்க பில்லர்தான். உயிர் நண்பனைத் தேடிப் போக வேண்டியவன் ஊர் ஊராகப் போய் யார் யாருக்கோ காவல் நிற்கிறான். ரசிகர்கள் எதைத் தாண்டலாம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். சந்தியாவந்தன மந்திரத்தைக்கூட நான் அவ்வளவு சிரத்தையாக மனப்பாடம் செய்ததில்லை.

ஆனாலும் பில்லர் என்றாலே மட்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே நருடோவில் 101-ஆவது எபிசோடு. ஆசான் ககாஷி எப்போதும் கண்ணுக்குக் கீழே முகமூடி போட்டிருப்பார். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்தே தீருவது என மூன்று மாணவர்களும் கிளம்புகிறார்கள். சாப்பிட அழைத்துப் போகிறார்கள், ஒளிந்து நிற்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவரே சிரித்துக்கொண்டு முகமூடியைக் கழற்றுகிறார். உள்ளே இன்னொரு முகமூடி. கதைக்குள் ஓரிரு நாளில் முடிந்துவிட்டு, திரையில் ஆண்டுக்கணக்கில் ஓடிய நான்காம் நிஞ்சா போரைவிட அந்த இருபது நிமிடம் எனக்கு உசத்தி.

இழுப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முடிகிறேன் என்று சொல்லிவிட்டு முடியாமல் இருப்பது தனி ரகம். 'அட்டாக் ஆன் டைட்டன்' 2020 டிசம்பரில் 'இறுதி சீசன்' என்று தொடங்கியது. 2022-இல் இறுதி சீசனின் இரண்டாம் பாகம். 2023 மார்ச்சில் இறுதி சீசனின் இறுதி அத்தியாயங்களின் முதல் பகுதி. அந்த ஆண்டு நவம்பரில்தான் நிஜமாகவே இறுதி. கதை பிரமாதம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மூலக் கதையை ஹஜிமே இசயாமா 2021-லேயே 34 தொகுதிகளோடு முடித்து வைத்துவிட்டார். அரங்கத்தை விட்டுப் போகாமல் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தது அனிமேதான்.

இன்னொரு பக்கம், முடிவதைப் பற்றி யோசிக்கவே யோசிக்காத மகான்கள். கோஷோ அவோயாமாவின் 'டிடெக்டிவ் கோனான்' 1994-இல் தொடங்கியது. பள்ளி மாணவத் துப்பறிவாளன் ஒருவனுக்கு வில்லன்கள் விஷம் கொடுக்க, அவன் சாகாமல் சின்னப் பையனாகச் சுருங்கிவிடுகிறான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். முப்பது ஆண்டு தாண்டிவிட்டது. இன்னும் ஒன்றாம் வகுப்பு. அவன் பேசிய பொதுத் தொலைபேசி செல்போனாகி, செல்போன் ஸ்மார்ட்போனாகிவிட்டது. பையன் மட்டும் பாஸாகவில்லை. கதைக்குள் ஓராண்டுகூட முழுதாகக் கழியவில்லையாம். ஆனால் எபிசோடுகள் 1,100-ஐத் தாண்டிவிட்டன, பாதிக்கு மேல் கொலை வழக்கு. ஓராண்டுக்குள் ஒரே பையன் போகும் இடமெல்லாம் இத்தனை பேர் சாகிறார்கள் என்றால், டோக்கியோ போலீஸ் முதலில் விசாரிக்க வேண்டியது அவனைத்தான்.

எனக்கு இதில் பெரிய கவலை மோரி கோகோரோவைப் பற்றி. கோனான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர், தனியார் துப்பறிவாளர். ஒவ்வொரு வழக்கிலும் கோனான் தன் கைக்கடிகாரத்திலிருந்து மயக்க ஊசியை அவர் கழுத்தில் எய்துவிட்டு, குரல் மாற்றும் போ-டையை வாயருகே பிடித்து அவர் குரலில் உண்மையை விளக்குவான். அவர் உட்கார்ந்தபடியே தூங்குவார். எழுந்ததும், வழக்கை முடித்தது தான்தான் என்று நம்புவார். இத்தனை ஊசிக்குப் பிறகும் அந்த மனிதரின் நரம்பு மண்டலம் வேலை செய்கிறதே, அதைத் துப்பறிய ஒருவரும் இல்லை. ஆனாலும் ஜப்பானியர்களுக்கு இவன்மேல் கொள்ளைப் பிரியம். அவோயாமா பிறந்த தொத்தோரி மாகாணத்தில் விமான நிலையத்துக்கே கோனான் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

கோனானையே மிஞ்சியவள் ஒருத்தி இருக்கிறாள். 'சசாயே-சான்' 1969 அக்டோபரிலிருந்து ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு வருகிறது. அதில் வரும் தம்பி கட்சுவோ ஐம்பது ஆண்டுக்கும் மேலாக ஐந்தாம் வகுப்பு. அந்தத் தொடர் முடிந்தால் நாளை திங்கட்கிழமை என்ற துக்கம் ஊரையே பிடித்துக்கொள்ளும். அந்தத் துக்கத்துக்கே ஜப்பானில் சசாயே-சான் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நேரத்தை இழுப்பவர்கள், நிறுத்தியவர்கள் போக, நேரம் எடுத்துக்கொண்டே இருப்பவர் யோஷிஹிரோ தோகாஷி. 'ஹன்டர் ஹன்டர்' 1998-இல் ஆரம்பித்தது. நான் படித்ததிலேயே மூளையுள்ள சண்டைக் கதை இது. யார் பலசாலி என்பதைவிட யார் விதியைப் புரிந்துகொண்டான் என்பதில் வெற்றி தீர்மானமாகும். ஆனால் ஆசிரியர் போனால் வரமாட்டார், வந்தால் நிற்கமாட்டார். 2018 நவம்பரில் போனவர் 2022 அக்டோபரில் திரும்பினார். இடையில் 2022 மே மாதம் ட்விட்டரில் கணக்குத் தொடங்கி, வரைந்துகொண்டிருக்கும் தாளின் ஓரத்தை மட்டும் படம் பிடித்துப் போட்டார். உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் ஒரு வெள்ளைத் தாளின் மூலையைப் பார்த்துக் கண் கலங்கினோம். திட்டலாம் என்று வாயெடுத்தால், முதுகுவலியால் இரண்டு ஆண்டு நாற்காலியில் உட்கார முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். அதற்குமேல் என்ன சொல்வது? வாரம் தவறாமல் இருபது பக்கம் கேட்கும் தொழில் அது. அப்படிக் கேட்கும் 'ஷோனென் ஜம்ப்' இதழ் 1990-களின் நடுவில் வாரத்துக்கு 65 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வாசகர்கள் அனுப்பும் ஓட்டு அட்டையை வைத்துத்தான் எந்தத் தொடர் நீடிக்கும் என்று முடிவு செய்வார்கள். ஓட்டு விழாதவர் சில வாரத்தில் வீட்டுக்குப் போவார். ஓட்டு விழுந்தவர் வீட்டுக்கே போக முடியாது.

வீட்டுக்குப் போகாதவர் என்றால் எயிச்சிரோ ஓடாதான். 'ஒன் பீஸ்' 1997 ஜூலையில் வந்தபோது ஐந்து ஆண்டில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாராம். 2021-இல் நூறாவது தொகுதி வந்தது. புதையல் இன்னும் கிடைக்கவில்லை. என் அளவுகோல்படி இதை நான் காறித் துப்ப வேண்டும். துப்பவில்லை. காரணம் ஒரு திமிங்கலம்.

நாயகன் லூஃபியின் கப்பல் பெருங்கடலுக்குள் நுழையும் இடத்தில் லபூன் என்றொரு திமிங்கலம் மலையில் தலையை முட்டிக்கொண்டே இருக்கும். திரும்பி வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போன கடற்கொள்ளையர்களுக்காக ஐம்பது ஆண்டாகக் காத்திருக்கிறது. லூஃபி அதைச் சமாதானம் செய்துவிட்டுப் போகிறான், நாமும் மறந்துவிடுகிறோம். ஏழெட்டு ஆண்டு கழித்து, பத்திரிகையில் நிஜமாகவே ஏழெட்டு ஆண்டு கழித்து, புரூக் என்ற எலும்புக்கூடு கதைக்குள் வருகிறது. உடம்பில் சதையில்லை, ஆனால் தலையில் பந்துபோலச் சுருட்டை முடி. அதை யாரும் தொடக்கூடாது என்று கெஞ்சுகிறது. ஏன் என்றால், அந்த முடி இருந்தால்தான் லபூனுக்குத் தன்னை அடையாளம் தெரியும். இதை முதல் தொகுதியிலும் இரண்டாம் தொகுதியிலும் வைத்துச் செய்ய முடியாது. வாசகன் மறந்துபோகும் அளவுக்குக் காலம் வேண்டும். அந்தத் திமிங்கலத்தைப் பார்த்து யார் யாரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓடா சொல்லவில்லை. நான் நினைத்துக்கொண்டேன்.

இழுப்பது குற்றமில்லை, வெறுமையை இழுப்பதுதான் குற்றம் என்று எனக்குக் காட்டியது தகேஹிகோ இனோவேயின் 'ஸ்லாம் டங்க்'. கூடைப்பந்து ஆட்டம் நாற்பது நிமிடம். சன்னோ பள்ளியோடு நடக்கும் கடைசி ஆட்டத்தைப் பல தொகுதிகளுக்கு வரைந்திருக்கிறார். கடைசி வினாடிகளில் வசனம் இல்லை, சத்தம் இல்லை. பக்கம் பக்கமாகக் கால், கை, பந்து, கண். ஒரே அணியில் இருந்தும் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாத சகுராகியும் ருகாவாவும் இறுதியில் கையோடு கை அறைந்துகொள்கிறார்கள். 79–78. வென்ற அவர்கள் அணி அடுத்த சுற்றில் படுதோல்வி அடைகிறது. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். மற்ற யாராக இருந்தாலும் அதில் இன்னும் பத்து தொகுதி போட்டிருப்பார்கள். அனிமே 101 எபிசோடோடு 1996-இல் நின்றபோது இந்த ஆட்டத்துக்கே வந்து சேரவில்லை. இனோவே தானே இயக்கிப் படமாகக் கொண்டுவந்தது 2022 டிசம்பரில். ஒரே ஆட்டம், 26 ஆண்டு.

என் ஓட்டு அட்டை கேட்டால் அது ஹிரோமு அராகாவாவுக்கு. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 2001-இல் தொடங்கி 2010-இல் 27 தொகுதிகளில் முடிந்தது. செத்த தாயை ரசவாதத்தால் மீட்கப் போய், அண்ணன் கையும் காலும் இழக்கிறான், தம்பி உடம்பையே இழந்து இரும்புக் கவசத்துக்குள் உயிராக இருக்கிறான். ஒன்றைப் பெற இணையாக ஒன்றைக் கொடு என்பது அந்த உலகத்தின் சட்டம். ஆசிரியரும் அதற்குக் கட்டுப்படுகிறார். முதல் தொகுதியில் போட்ட முடிச்சை மறக்காமல் கடைசியில் அவிழ்க்கிறார். இடையில் நீனா என்று ஒரு சிறுமி வருவாள். இந்தப் பெயரை எந்த ரசிகரிடமாவது சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அராகாவா ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, பள்ளி முடித்ததும் பல ஆண்டு அங்கேயே உழைத்தவர். தன்னைப் படமாக வரையும்போது கண்ணாடி போட்ட பசுவாகத்தான் வரைவார். மாடு யாருக்கும் விடுமுறை கொடுப்பதில்லை. அவர் நேரத்துக்கு முடித்ததன் ரகசியம் அதுதான் என்பது என் துணிபு.

புதிதாக வருபவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். ஆல்கெமிஸ்டில் 2009-இல் வந்த 'பிரதர்ஹுட்' தொடரிலிருந்து தொடங்குங்கள். 64 எபிசோடு, முடிந்துவிடும். அடுத்து ஸ்லாம் டங்க்கைப் புத்தகமாகப் படியுங்கள். ஒன் பீஸை வேலைக்குச் சேருமுன் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஓய்வு பெற்ற மறுநாள். கோனானை எந்த எபிசோடிலிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம், அவன் ஒன்றாம் வகுப்பில்தான் இருப்பான்.