உள்ளூர் வரலாற்றுச் சங்கங்களின் தோற்றமும் வளர்ச்சியும் பிளவும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

சேர சோழ பாண்டியரைப் பற்றி அலமாரி அலமாரியாக நூல்கள் உண்டு. அந்த மூவேந்தரைப் பற்றி மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை கிளை நூலகத்தில் கூடிப் பேசும் எட்டுப் பேரைப் பற்றி எழுத எவரும் முன்வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். நிரப்பாவிட்டாலும் யாருக்கும் நட்டமில்லை என்று நண்பர்கள் முன்கூட்டியே தெரிவித்துவிட்டார்கள்.

2. தோற்றக் கோட்பாடுகள்

லண்டன் தொல்பொருளார் சங்கம் 1707 டிசம்பரில், ஸ்ட்ராண்டு தெருவில் கரடியின் பெயர் தாங்கிய ஒரு மதுக்கூடத்தில் மூன்று பேர் கூடியதில் பிறந்தது. அரசரின் பட்டயம் 1751இல்தான் கிடைத்தது. கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் 1784இல் ஆசியச் சங்கத்தைத் தொடங்கினார். ஆசியாவை ஆராய வந்த அந்தச் சங்கத்தில் இந்தியர்கள் உறுப்பினராக 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் மதுக்கூடத்தின் இடத்தை டீக்கடை பிடித்துக்கொண்டது. அங்கே சங்கம் உருவாகும் விதத்தை மூன்று கோட்பாடுகளில் அடக்கலாம்.

அ) தகராறுக் கோட்பாடு: "நம்மூர்க் கோயில் ராஜராஜன் கட்டுனது" என்று ஒருவர் சொல்வார். "யாரு சொன்னா? அதுக்கும் முந்தி, பல்லவன் கட்டுனது" என்று எதிர் பெஞ்சிலிருந்து குரல் வரும். இருவரிடமும் சான்று கிடையாது. ஆகவே விவாதம் முடியாது. முடியாத விவாதத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் போட்டால் அதுதான் சங்கம்.

ஆ) ஓய்வூதியக் கோட்பாடு: தமிழாசிரியர், தலைமையாசிரியர், கிராம நிர்வாக அலுவலர், வங்கி மேலாளர் ஆகிய நால்வரில் இருவர் ஒரே ஆண்டில் ஓய்வுபெற்றால் அந்த ஊரில் சங்கம் பிறந்தே தீரும். "சும்மா வீட்டுக்குள்ளயே நடந்துக்கிட்டு என்னைக் கேள்வி கேக்காம, வெளியில போயி நாலு பேரைக் கேளுங்க" என்று வீட்டம்மா சொல்வதே பல சங்கங்களின் உண்மையான தொடக்க உரை. நினைவு மலரில் இது இடம்பெறுவதில்லை.

இ) பொக்லைன் கோட்பாடு: ஏரியைத் தூர்வாரும்போதோ, வீட்டுக்கு வாணம் பறிக்கும்போதோ முதுமக்கள் தாழி ஒன்று தலைகாட்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். உள்ளே எலும்பும் மண்ணும்தான் என்றதும் கூட்டம் கலையும். கலையாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் நாலு பேரே நிறுவன உறுப்பினர்கள்.

3. பதிவும் சேர்க்கையும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். வரலாற்று ஆர்வலர் ஆறு பேர் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். சிக்கல் ஏழாமவரிடம்தான். அவர் பெரும்பாலும் செயலாளரின் மைத்துனராக இருப்பார். "எங்க மாமா கையெழுத்து போடச் சொன்னாரு" என்பதைத் தவிர அவருக்குக் கொள்கை கிடையாது. ஆனால் பத்தாண்டு கழித்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு கூட்டத்தையும் தவறவிடாதவர் அவர் ஒருவரே. பஜ்ஜியை இங்கே காரணமாகக் காட்டுவோர் உண்டு.

பதிவு முடிந்ததும் லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்ப், சின்னம். புலியா, கயலா, வில்லா என்பதில் முதல் பிளவு தோன்றும். மூன்றையும் போட்டுச் சமாதானமான சங்கங்கள் நீடிக்கின்றன.

புதிதாகச் சேர வருபவரிடம் வட்டெழுத்துப் படிப்பீர்களா என்று யாரும் கேட்பதில்லை. "உங்ககிட்ட கார் இருக்குங்களா?" என்பதே நுழைவுத் தேர்வு. வட்டெழுத்துப் படிப்பவர் சங்கத்துக்கு ஒருவர் போதும். அவர் சளி பிடித்துப் படுத்தால் தமிழக வரலாறு ஒரு மாதம் தள்ளிப்போகும்.

4. களப்பணி

புது உறுப்பினருக்குக் கிடைக்கும் முதல் பதவி தண்ணீர்க் கேன் தூக்குவது; இரண்டாவது அளவுகோல் பிடிப்பது. மைப்படி எடுக்கும்போது தூரிகை அவர் கைக்கு வர ஓராண்டாவது ஆகும். அதுவும் நியாயம்தான். கல்லை நாரால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, குச்சமுள்ள தூரிகையால் தட்டித் தட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். பிறகு மைப்பொதியால் மெல்ல ஒற்றினால் கறுப்பு நடுவே எழுத்துகள் வெள்ளையாக எழும்பும். அவசரப்பட்டு அழுத்தினால் தாள் கிழியும், ஞாயிற்றுக்கிழமையும் போகும்.

எடுத்த படியோடு நகரத்து நூலகத்துக்குப் போனால், 1887 முதல் வெளிவரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஒன்றில் அதே கல்வெட்டு ஒற்றை வரிச் சுருக்கமாக உட்கார்ந்திருக்கும். மாட்டுவண்டியில் வந்து நூறாண்டுக்கு முன்பே படியெடுத்துப் போயிருப்பார்கள். இந்தச் செய்தி வருவதற்குள் நாளிதழில் படம் வந்திருந்தால் அதற்குச் சங்கம் பொறுப்பல்ல. அந்தப் படத்தில் ஐந்து பேர் ஒரே கல்லை ஆள்காட்டி விரலால் சுட்டிக்கொண்டிருப்பார்கள்.

செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. தமிழகத் தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. மாடு மீட்கப் போய் மாண்ட வீரனின் கல் அங்கே பல இடங்களில் வேடியப்பனாகக் கும்பிடப்படுகிறது. அப்படியொரு கல்லருகே நாடாவை விரித்தால் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படி அமையும்.

"பாட்டி, இந்தக் கல்லை நாங்க கண்டுபிடிச்சிருக்கோம்."

"அது தொலைஞ்சா போச்சு? நான் வாக்கப்பட்டு வந்த நாளா எண்ணெ தடவுறேன். செருப்பைக் கழட்டுங்க தம்பி."

5. ஆட்சிமுறை

உத்தரமேரூரில் முதலாம் பராந்தகனின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஊர் வாரியத் தேர்தலுக்கு விதி வகுக்கிறது. 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக்கூடாது. ஒருமுறை பதவி வகித்தவர் மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். குடத்திலிருந்து ஓலையை ஒரு சிறுவன் எடுக்க வேண்டும். இதைப் பேசாத வரலாற்றுச் சங்கம் தமிழ்நாட்டில் இல்லை. பேசுபவர் பெரும்பாலும், தொடங்கிய நாளிலிருந்து மாறாத தலைவர். வயது வரம்பைக் கடைப்பிடித்தால் செயற்குழுவே கலைந்துவிடும். கணக்கைப் பற்றிப் பொருளாளர் அடுத்த கூட்டத்தில் விளக்குவார். ஓலை எடுக்கச் சிறுவனும் கிடைப்பதில்லை. சங்கத்தின் மிக இளைய உறுப்பினருக்கே பேரன் இருக்கிறான்.

இதனால் பொதுக்குழுவில் சத்தம் எழும். ஒருவர் எழுந்து போவார். போனவர் தனிச் சங்கம் தொடங்குவார். ஒரே ஊரில் இரண்டு சங்கம் இருப்பது வளர்ச்சியின் அறிகுறி என்றே இந்த ஆய்வு கொள்கிறது: இருவரும் ஒருவர் கட்டுரையை மற்றவர் வரி விடாமல் படிக்கிறார்கள். வேறு யார் படிப்பார்கள்?

6. முடிவுகள்

சங்கத்தில் எல்லாரும் சேருவது ஊர்ப் பெருமையை நிலைநாட்டத்தான். தலபுராணம் கோயிலுக்கு யுகக் கணக்கில் வயது சொல்லும்; ஊரார் இரண்டாயிரம் ஆண்டு என்பார்கள்; கல்வெட்டைப் படித்தால் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வந்து நிற்பான். அதை ஊர்க் கூட்டத்தில் சொல்லும் கணத்தில் சங்கம் செல்வாக்கை இழக்கிறது. தன் ஊரின் வயதைத் தானே குறைத்துச் சொல்லிவிட்டு, மறுநாள் அதே தெருவில் பால் வாங்கப் போகும் துணிவு இவர்களுக்கு மட்டுமே உண்டு. அதைச் சொல்லத் தயங்கிய சங்கம் பாராட்டு விழாச் சங்கமாக முடிகிறது.

தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டுவரும் 'ஆவணம்' இதழைப் புரட்டுங்கள். எத்தனையோ நடுகற்களும் கல்வெட்டுகளும் இப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமை ஆசாமிகளின் கண்ணில் பட்டு அச்சேறியவை. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தபோது மழுங்கிப்போன எழுத்துகள் திரும்ப வரா. அதற்கு முன் யாராவது படமெடுத்து வைத்திருந்தால்தான் உண்டு.

ஆகவே, உங்கள் ஊரில் சங்கம் இருந்தால் சந்தா கட்டிச் சேர்ந்துவிடுங்கள். இல்லையென்றால் ஏழு பேரைத் திரட்டுங்கள். ஆறு பேர்தான் தேறினால் கவலை வேண்டாம், மைத்துனரைக் கூப்பிடுங்கள்.