மீன் என்னும் இடையூறு: பட்டுத் தூண்டில் நூலைப் பேணும் முறை குறித்த ஓர் ஆய்வு

ஈத்தூண்டில் எனப்படுவது, இறகும் மயிரும் கொண்டு கொக்கியின்மேல் கட்டப்பட்ட போலிப் பூச்சியை ஆற்றுநீரில் இறக்கி, ட்ரவுட் முதலிய மீன்களை ஏமாற்றும் கலையாகும். அப்பூச்சிக்கு எடை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லாமையால், எறிவதற்கு வேண்டிய எடையைத் தூண்டில் நூலே தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே எறியப்படுவது நூலேயன்றிப் பூச்சியன்று. இதிலிருந்து இயல்பாகப் பிறக்கும் முடிபை முன்னையோர் ஏனோ கூறாது விட்டனர். நூலே தலைமைப் பொருளாயின் அதைப் பேணுவதே தொழில் என்பதும், மீன் அகப்படுதல் அத்தொழிலுக்கு அவ்வப்போது நேரும் இடையூறு என்பதுமே அம்முடிபு. அதனை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

ஐசக் வால்டன் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ என்னும் புத்தகத்தை வெளியிட்ட 1653ஆம் ஆண்டில் தூண்டில்காரர்கள் குதிரைவால் மயிரை முறுக்கி நூல் செய்துகொண்டிருந்தனர். குதிரைமயிர் தன் உடையவரிடம் பெரிதாக எதையும் எதிர்பார்த்ததில்லையாதலின் அது இவ்வாய்வுக்குப் பயன்படாது. பின்னர் மயிரோடு பட்டு கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டிழைப் பின்னலுக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டிய நூல் பரவியது. எண்ணெய் இழைகளின் உள்வரை புகுவதற்காகக் காற்றகற்றிய கலத்தில் ஊட்டி, உலர்த்தி, தேய்த்து, மீண்டும் ஊட்டும் வேலை மாதக்கணக்கில் நீளும். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஓடும் டெஸ்ட், இட்சன் முதலிய தெளிநீர் ஆறுகளில் பூச்சியை மிதக்கவிட்டே மீன் பிடிக்க வேண்டும் என்னும் கொள்கையை ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு, 1886இல் வெளிவந்த தம் புத்தகத்தால் பரப்பியபின், நூலும் மிதந்தாக வேண்டியதாயிற்று. பட்டோ நீரைவிட அடர்த்தி மிக்கது. அதன் போக்கில் விட்டால் மூழ்கும். மூழ்கும் பொருளை மிதக்கவைப்பதென்று பிடிவாதம் கொண்ட இடத்தில்தான் பேணல் என்னும் துறை தோன்றியது.

காலையில் ஆற்றுக்குச் செல்லுமுன் நூலுக்குக் கொழுப்புப் பசை பூசவேண்டும்; சிவப்பு டப்பியில் வரும் மியூசிலின் இதற்குப் பெயர்பெற்றது. துணித் துண்டொன்றில் பசையைத் தொட்டு, அதனிடையே நூலை இழுத்து மெல்லிய படலமாகப் பூசியபின், வேறொரு துணியால் மிகுதியைத் துடைத்தெடுக்க வேண்டும். மிகுதி நின்றால் அழுக்கைப் பற்றிக் கோலின் வளையங்களில் தேங்கும். பாதியைத் துடைத்துவிடுவதானால் முதலிலேயே பாதி பூசினால் என்ன என்று வினவுவார் துறைக்குப் புதியவர் எனக் கொள்க.

நண்பகலளவில் நூலின் நுனி நீரில் அமிழத் தொடங்கும். அப்போது கரையேறி நூலைத் துடைத்து உலர்த்தி மறுபடி பசை பூசலாம்; அன்றி, சுமார் 30 கஜ நீளமுள்ள நூல் இரு முனைகளிலும் ஒன்றுபோலச் சிறுத்து அமைந்திருப்பின், அதைத் தலைமாற்றி, ரீலின் அடியில் உலர்ந்து கிடந்த முனையை வெளியே கொணரலாம். தலைமாற்றுதலே சாலச் சிறந்தது. நூல் முழுவதையும் புல்லில் விரித்துத் திரும்பச் சுற்றுவதற்குள் மீன்கள் மேலெழும் வேளை கடந்துவிடுமாதலின், இரண்டாம் முனை நனையாமல் காக்கப்படும்.

மாலையில் நூலை ரீலிலிருந்து கழற்றி, கைகள் கொண்ட மரச்சட்டத்தில் தளர்வாகச் சுற்றி உலரவிட வேண்டும். ஈரத்தோடு ரீலில் கிடக்கும் பட்டு பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். சட்டம் இல்லாதவர் நாற்காலியின் முதுகைப் பயன்படுத்தலாம். அன்றிரவு அந்நாற்காலியில் வேறெவரும் அமர இயலாது. காஞ்சிப் பட்டைக் கல்யாணத்துக்கு உடுத்தி, வீடு வந்ததும் நிழலில் காற்றாடவிட்டு மடித்துவைக்கும் இல்லத்தாருக்கு இவ்வக்கறை புதிதன்று. எனினும் அவர்கள் அப்புடவையை மறுநாள் காலை ஆற்றில் எறிவதில்லை என்னும் வேறுபாடு ஈண்டு கருதத்தக்கது.

இனி மீனால் விளையும் கேடு. கொக்கியில் அகப்பட்ட ட்ரவுட் நேரே கரைக்கு வருவதில்லை. நூலையும் உடன் இழுத்துக்கொண்டு நீர்க்களைகளுக்குள் பாய்ந்து, காலையில் பூசிய பசையை உரசியெடுத்த பின்னரே வருகிறது. மீன் ஏதும் அகப்படாத நாளில் நூல் மாலைவரை மிதந்ததைத் தூண்டில்காரர் பெருமிதத்தோடு சொல்வதைத் தோல்வியை மறைக்கும் பேச்சென்று கொள்வது நுனிப்புல் மேய்வோர் கருத்தாகும்.

நூலுக்கு வரும் நோய்களுள் தலையாயது பிசுபிசுப்பு. ஆளிவிதை எண்ணெய் நீர்போல ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகிப் படலமாவது. முதுமையாலோ வெப்பத்தாலோ ரீலில் இறுக்கிச் சுற்றிக் கிடந்தமையாலோ அப்படலம் இளகினால் நூல் தன்னைத்தானே பற்றிக்கொள்ளும். நோய் இளையதாயின் டால்க் தூள் தடவினால் தீரும். முற்றியதாயின் சலவைச்சோடாக் கரைசலில் ஊறவைத்துப் பழைய எண்ணெயைக் கழற்றவேண்டும். கரைசல் கடுமையானால் எண்ணெயோடு பட்டும் போகும். பின்பு அலசி, உலர்த்தி, புதிதாக எண்ணெய் ஊட்டி, ஒவ்வொரு பூச்சும் இறுகும்வரை நாள்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். இவ்விடத்து நூலைவிடக் கந்தலே கவனத்துக்குரியது: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் இறுகும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் துணி தானே தீப்பற்றக்கூடும். நீரோடு மட்டுமே தொடர்புடையதாகக் கருதப்படும் மீன்பிடித்தல் ஒரு வீட்டையும் எரிக்கவல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

1950களில் பிளாஸ்டிக் பூச்சு நூல்கள் வந்துவிட்டமையால் இவ்வளவும் வீண் என்பாரும் உளர். ஒரே எடையுள்ள மிதக்கும் நூல்களுள் பட்டே மெலிது என்பதும், அதனால் காற்றை எளிதில் கிழித்துச் சென்று நீரில் மெல்லப் படியும் என்பதும் அவர்க்கு விடை. இதற்கு அவர்கள் தரும் மறுமொழி ஒன்றே: பிளாஸ்டிக் நூலை ஈரத்தோடு ரீலில் விட்டுவிட்டு உறங்கப் போகலாம், துடைக்கவும் பூசவும் உலர்த்தவும் செல்லும் பொழுதெல்லாம் மிச்சம். அப்பொழுதில் அவர்கள் மீன் பிடிக்கின்றனர் என்று தெரிகிறது. அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.