பேறுகாலம் யாருக்கு மாப்ள?

வாங்க மாப்ள, வாங்க. மெட்ராஸ்ல ஒரு பிள்ளைச் சாமான் கடைக்காரன் சரக்கு தீந்துபோச்சுன்னு கதவைச் சாத்திட்டானாமே? அம்புட்டும் உங்க டிக்கியிலதான் இருக்கு போல.

இறக்குங்க, பாப்போம். பாட்டில் ஒரு வரிசை, பாட்டிலைக் கழுவ பிரஷ்ஷு, கழுவுன பாட்டிலை வேகவைக்க ஒரு மிஷினு. என் பேத்தி என்ன பால் பூத்தா வைக்கப் போறா? இந்தப் பால்புட்டிக்கு விளம்பரமே பண்ணக் கூடாதுன்னு சர்க்கார் 1992லயே சட்டம் போட்டுருக்காம், நம்ம ஊரு நர்ஸம்மா சொல்லுச்சு. விளம்பரம் இல்லாமயே இம்புட்டு வாங்கிருக்கீக, விளம்பரம் வேற இருந்தா என்ன ஆயிருக்கும்!

இந்த டப்பா என்னத்துக்கு? பிள்ளை அழுதா அடுத்த ரூம்புல கேக்குமா? நம்ம வீட்டுல அடுத்த ரூம்பு எங்கிட்டு இருக்கு? நம்ம வம்சத்துப் பிள்ளை அழுதா அடுத்த தெருவுக்கே கேக்கும். சரி, அதை மட்டும் திருப்பிக் குடுத்துராதீக. ஆட்டுக் கொட்டத்துல கட்டித் தொங்கவிட்டா ராத்திரி நாய் வர்றது தெரியும். கடுகுத் தலகாணி வேண்டாம், பச்சைப் பிள்ளைக்குத் தலகாணியே ஆகாதுங்கிறாக டாக்டரம்மா. கடுகைப் பிரிச்சு உங்க அத்தைகிட்ட குடுங்க, தாளிக்க ஆகும்.

குங்குமப்பூ உங்க அம்மா குடுத்துவிட்டாகளா? விலையைக் கேட்டு எனக்கு மயக்கமே வந்துருச்சு. போன தடவை வந்த டப்பாவுல இருந்து நானும் பால்ல போட்டுக் குடிச்சுப் பாத்தேன். என் நிறம் அப்படியேதான் இருக்கு. என் பேத்தி கருப்பு, நீங்க அதைவிடக் கருப்பு. நடுவுல அந்தப் பிள்ளை மட்டும் எவனைக் கேட்டு சிவப்பாப் பிறக்கும்?

ஜோசியர் நல்ல நேரம் குறிச்சுக் குடுத்துட்டாருன்னு போன்ல காட்டுறீகளே, அதை அந்தப் பிள்ளைக்கு அனுப்பிட்டீகளா? 2019-21ல எடுத்த குடும்ப நலக் கணக்குல நம்ம தமிழ்நாட்டுல நூத்துக்கு 45 பேறுகாலம் கத்தியிலதானாம். தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்துன்னா கத்தி வைக்கட்டும், கும்பிட்டுக்கிறேன். ரோகிணி நட்சத்திரத்துக்காக எம் பேத்தி வயித்தைக் கிழிக்கணும்னா, முதல்ல அந்த ஜோசியர் வயித்துல ஒரு கீறு போட்டுப் பாத்துட்டு வாங்க. டாக்டரம்மா குறிச்ச தேதியிலயே பிறக்குற பிள்ளை நூத்துக்கு 5 தேறுனா அதிகம். 37 வாரம் முடிஞ்சா அது இஷ்டம். உங்க ஆபீஸ் மீட்டிங் மாதிரி மணி பாத்து உள்ள வராது.

சரி, வேலைக்கு வருவோம். அந்தா கொடியில கெடக்கே என் பழைய சுங்குடிச் சேலை, அதை எடுத்துட்டு வாங்க. வெந்நீர்ல அலசி வெயில்ல காயவச்சது. துவைச்சுத் துவைச்சுப் பஞ்சாயிருச்சு, கன்னத்துல வச்சுப் பாருங்க. இதைச் சதுரஞ்சதுரமாக் கிழிக்கணும். கிழிச்சா மட்டும் போதுமா? ஓரத்துல தொங்குற நூலை ஒண்ணுவிடாமக் கத்தரிக்கணும். பிள்ளை காலை ஆட்டுறப்ப அந்த நூலு சுண்டுவிரல்ல சுத்தி இறுக்கிரும். விரலு நீலம் பாயுற வரைக்கும் எதுக்கு அழுகுதுன்னே தெரியாது, நாம கிரைப் வாட்டரைத் தேடிக்கிட்டு இருப்போம். உக்காந்து நூலை வெட்டுங்க. கண்ணாடி போட்டுருக்கீகள்ல, எதுக்கு இருக்கு அது? வாங்கியாந்த புதுச் சட்டையும் துவைக்காமப் போடக் கூடாது. அதுவும் உங்க சோலிதான். வாசிங் மிஷினு இல்ல, கல்லு பின்னால இருக்கு.

கத்தரிச்சுக்கிட்டே கேளுங்க. ராத்திரி இடுப்பைப் பிடிக்குதுன்னு அவ எந்திரிச்சா உடனே காரை எடுக்காதீக. அது சூட்டு வலியா இருக்கும். சீரகத் தண்ணி குடிச்சு, கொஞ்சம் நடந்து, ஒருக்களிச்சுப் படுத்தா அடங்கிரும். அடங்காம, விட்டு விட்டு வந்து, விடுற நேரம் குறைஞ்சுக்கிட்டே போயி, வலி கூடிக்கிட்டே வந்தா அதுதான் நெசம். இதுல ஒரு விஷயம், பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளை துடிப்பு குறைஞ்சாப்புல இருந்தாலோ, சீரகமும் வேண்டாம், என்கிட்ட யோசனையும் கேக்க வேண்டாம். கிளம்பிறணும். மூஞ்சி வீங்கி, தலைவலி விடாம, கண்ணு மங்குதுன்னாலும் அப்படித்தான். அது பிரஷரு. "காலையில பாப்போம்"னு எந்தக் கிழவி சொன்னாலும், நானே சொன்னாலும், கேக்காதீக.

எதுல போவீக? உங்க கார்லயா? வாசலை அடைச்சு எங்க சின்ன மகன் டிராக்டரை நிறுத்துறானே, அந்தச் சாவி எங்க தொங்குதுன்னு தெரியுமா? 108க்கு அடிச்சா வண்டி வரும். ஆனா இந்த வீட்டுக்குள்ள எந்த மூலையில டவர் கிடைக்கும்னு பாத்து வச்சீகளா? மாட்டுத்தொட்டி ஓரமாப் போயி நின்னாத்தான் உங்க போனு பேசும். இப்பவே போயி நின்னு பாத்துட்டு வாங்க. உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு எந்த ரோடு, அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனா கூட வர ஆளு யாரு, அவ ரத்தம் என்ன வகை, குடுக்க ரெண்டு பயலுக தயாரா இருக்கானுகளா? முழிக்கிறீகளே! சாமான் வாங்கும்போது இந்த முழி முழிச்சிருந்தா காசாவது மிஞ்சியிருக்கும்.

காகிதமெல்லாம் ஒரே பையில இருக்கட்டும். ஸ்கேன் படம், ஆதாரு, பேங்க் புத்தகம், எல்லாத்துக்கும் மேல கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப குடுத்த அந்தப் பிக்மி நம்பரு. அது இல்லாட்டி பிறப்புச் சர்ட்டிபிகேட்டுக்கு அலைய விடுவான். 21 நாளுக்குள்ள பதிஞ்சுறணும். பேரு பின்னால கூடச் சேத்துக்கலாம். அதுனால ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு பேருக்குச் சண்டை போடாதீக. சர்க்கார் ஆஸ்பத்திரியில உள்ள துணைக்கு ஒரு பொம்பளையைத்தான் விடுவாக, எம் மக போவா. நீங்க வெளிய நிக்கணும். நிக்கிறதுன்னா, கூப்பிட்டா காதுல விழுற தூரத்துல. டீக்கடையில இல்ல.

பிள்ளை வெளிய வந்ததும் சேனை வைக்க உங்க பெரியப்பா விரலை நீட்டிக்கிட்டு வருவாரு. அவரு குணம் வந்தா நல்லதுதான், அந்த விரல்ல இருக்குற பொடி வாசமும் சேந்து வரும். தேனு, சீனித்தண்ணி, கழுதைப்பால் ஒண்ணும் கூடாது. தேனு ஒரு வயசு வரைக்கும் ஆகவே ஆகாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடுத்துறணும். கட்டியா மஞ்சளா இருக்கேன்னு அந்தக் காலத்துல பீச்சிக் கீழ ஊத்துனாக. மாட்டுச் சீம்பாலை மட்டும் வெல்லம் போட்டுக் கிண்டித் தின்னாக, பெத்த பிள்ளைக்கு இல்லைன்னுட்டாக. என்ன புத்தியோ! பெரியப்பா கோவிச்சா அவருக்கு ஒரு வெள்ளி டம்ளரைக் கையில குடுத்து, பிள்ளைக்கு அடுத்த வருசம் பால் குடுங்க பெரியப்பான்னு சொல்லிருங்க.

லீவைப் பத்தி ஒண்ணு. பிள்ளை பிறக்குறதுக்கு முன்னாடியே லீவு போட்டு வந்து உக்காந்து, அவ வயித்தையே பாத்துக்கிட்டு இருக்காதீக. அவளுக்கும் எரிச்சல், எங்களுக்கும் மூணு வேளை கறிக்குழம்பு. மாப்பிள்ளைன்னா சும்மா விட முடியுமா? லீவை மிச்சம் பிடிச்சு அப்புறமா வாங்க. பச்சை உடம்புக்காரி ராத்திரி நாலு தடவை எந்திரிச்சுப் பால் குடுக்கிறப்ப, ஈரத்துணியை மாத்தவும், பிள்ளையைத் தோள்ல போட்டு ஏப்பம் வரவைக்கவும் உங்களுக்குக் கை இல்லையா? அவளுக்குக் காரணமில்லாம அழுகை வரும். "பிள்ளை நல்லாத்தான இருக்கு, ஏன் அழுகிற"ன்னு வாயைத் திறந்துராதீக. பக்கத்துல உக்காருங்க. வாரக்கணக்குல அப்படியே கெடந்து, சோறும் இறங்காம, பிள்ளையை ஏறிட்டும் பாக்கலைன்னா டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க. பேய் பிடிச்சிருக்குன்னு எவளாவது வேப்பிலையோட வந்தா அவளை நான் பாத்துக்கிறேன்.

பிள்ளை பாக்க வர்ற கூட்டத்தையும் நானே பாத்துக்கிறேன். திண்ணையில உக்காந்து, கையைக் கழுவாதவளை உள்ள விட மாட்டேன். இருமுறவளை தெருவோட அனுப்பிருவேன். முத்தம் குடுக்க வாயைக் குவிச்சா கம்பு பேசும். கூலியா பெருசா ஒண்ணும் வேண்டாம், வாரம் ஒரு கட்டு வெத்தலை, சோழவந்தான் கொழுந்தாப் பாத்து. உங்க அம்மா வந்தாலும் கை கழுவிட்டுத்தான் உள்ள. அதை மட்டும் நீங்களே முன்கூட்டிப் போன்ல சொல்லி வச்சிருங்க. நான் சொன்னா சம்பந்திச் சண்டையாயிரும்.