கப்பல் அறைத் தேர்வியல்: ஒரு நார்த்தாமலை ஆய்வு

நார்த்தாமலையிலிருந்து கடல் தெரியாது. மேலமலையில் விஜயாலய சோழீஸ்வரம் வரை மூச்சிரைக்க ஏறி நின்றாலும் கண்ணுக்குச் சிக்குவது பாறையும் கண்மாயும் பனைமரமும்தான். இருந்தும், பிள்ளைகுட்டியோடு கப்பலேறுபவர்கள் எந்த அறையை எடுப்பது என்ற கேள்வியை ஆராய இதைவிடத் தகுந்த ஊர் கிடையாது என்பதே இவ்வாய்வின் துணிபு.

முன்னோடி ஆய்வுகள் இல்லாமல் இல்லை. இடைக்காலத்தில் நார்த்தாமலை வணிகர்கள் செல்வாக்காக இருந்த ஊர். தென்னிந்திய வணிகக் குழுக்களில் பேர்போன ஐந்நூற்றுவர், 1088இல் சுமத்ராவின் பாருஸில் தமிழிலேயே கல்வெட்டு நிறுத்தினார்கள். கப்பல்காரர்கள் என்ன கட்டணம் செலுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. சின்னப் பையன் சன்னலோரம் வேண்டுமென்று அடம்பிடித்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. ஆய்வுலகம் இன்றுவரை நிரப்பாமல் விட்ட இடைவெளி இது.

மேலமலைக் குடைவரை ஒன்று ஓரளவு வழிகாட்டுகிறது. சமணர் குடகு என்று ஊரார் சொல்லும் அந்தக் குகைக்குள் பன்னிரண்டு திருமால்கள் சுவரோரமாக வரிசை பிடித்து நிற்கிறார்கள். எல்லோரும் ஒரே அளவு, ஒரே நிலை. சன்னல் யாருக்கும் இல்லை. ஆகவே யாருக்கும் யார் மேலும் மனத்தாங்கல் இல்லை. குடும்பத்தோடு கப்பலில் போகிறவர்கள் இந்த ஏற்பாட்டை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அறை என்ற பேச்சே இல்லாமல் கடல் கடந்தவர்கள்தாம் நம்மில் அதிகம். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதில் ஆயிரக்கணக்கானோர் டெக் பயணிகளாகப் போனார்கள். அவர்களுக்கு முன்பதிவு என்பது விரித்த பாய்தான். இப்போது நிலைமை வேறு. பிரான்சில் கட்டப்பட்டு 1990இல் கடலுக்கு வந்த ‘எம்ப்ரஸ்’ கப்பலை கார்டீலியா நிறுவனம் வாங்கி, 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் ஓட்டத் தொடங்கியது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். மறு ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றியது. சன்னல் இல்லாத உள்ளறை, கடல் பார்த்த சன்னலறை, பால்கனி வைத்த அறை என்று தரம் தரமாக விலை சொன்னார்கள். குடும்பச் சண்டைகளுக்குப் புதிய களம் திறந்தது.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது நார்த்தாமலைக் குடும்பம் ஒன்று: அப்பா, அம்மா, ஒன்பது வயதுப் பெண், நான்கு வயதுப் பையன், அப்பத்தா. அப்பத்தா கப்பலைப் பார்த்ததில்லை. ஆனால் பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு வந்திறங்கும் இருபத்தைந்து சொந்தக்காரர்களை மூன்றே அறை கொண்ட வீட்டில், ஒருவர் முகமும் சுண்டாமல் படுக்கவைப்பதில் அவருக்கு நாற்பதாண்டு அனுபவம். குறட்டை விடுகிறவர் திண்ணைக்கு, கைக்குழந்தைக்காரி சுவரோரம், ராத்திரி நான்கு முறை எழுந்திருக்கும் பெரியப்பா கொல்லைக் கதவுப் பக்கம். அறைத் தேர்வியலில் இதற்கு மேல் எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தர முடியாது.

சோதனை வாசலில் நடந்தது. சாதாரண உள்ளறை 150 சதுர அடி அளவில் இருக்கும் என்று படித்துவிட்டு வந்த அப்பா, கோலமாவால் பத்துக்குப் பதினைந்து என்று கட்டம் போட்டார். அதற்குள் கட்டிலுக்கு ஒரு கட்டம், குளியலறைக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று. மிச்சமிருந்த தரையில் இரண்டு பெட்டிகளை வைத்ததும் குடும்பம் கோட்டுக்கு வெளியே நின்றது. பையன் மட்டும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அப்பத்தா ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்: “ஏப்பா, ராத்திரி ஒண்ணுக்குப் போறவன் எவன் காலை மிதிச்சுட்டுப் போவான்?”

கப்பல் கம்பெனிகளின் வழவழ விளம்பரங்களில் இந்தக் கேள்விக்கு இடம் கிடையாது. அவற்றில் பால்கனியில் நின்று சூரியனைப் பார்க்கிறார்கள். ஒருவரும் கழிப்பறைக்குப் போவதில்லை. கொஞ்சம் யோசித்தவர்கள் டிஸ்னிக்காரர்கள்தாம். 1998இல் வந்த அவர்களுடைய முதல் கப்பலிலேயே பல அறைகளில் கழிப்பறையையும் குளியலறையையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு பிள்ளை குளிக்கும்போது இன்னொன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்ட வேண்டியதில்லை.

அடுத்தது ஆட்டம். கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும், பக்கவாட்டிலும் சாயும். சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் குறைவு என்பதுபோல, கப்பலின் நீளத்தில் நடுவிலும் உயரத்தில் கீழ்த்தளங்களிலும் உள்ள அறைகள் குறைவாக ஆடும். இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குத்தான் பயணக் குமட்டல் அதிகம். ஆனால் விலையோ தளம் உயர உயர ஏறுகிறது. அதாவது, பிள்ளை வாந்தி எடுக்க வாய்ப்பு கூடக் கூட, அப்பா அதிகம் கட்டுகிறார்.

தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே படுத்தால், விடியுமுன்னே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் எழுப்பிவிடும். நடன அரங்குக்குக் கீழே என்றால் தூங்கினால்தானே எழுப்புவதற்கு! கப்பல் முகப்பில் படுத்தவர்களை நங்கூரச் சங்கிலி எழுப்பும். மேலும் கீழும் வேறு அறைகளே இருக்கும் தளத்தைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். தளப் படத்தை விரித்து இதைப் பார்க்கக் கால்மணி நேரம் போதும். கடலைப் பார்க்கப் போகிற உற்சாகத்தில் அந்தக் கால்மணி நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை.

சன்னலைப் பற்றிக் குடும்பத்தில் இரு கட்சிகள். பெண் சன்னல் கட்சி. அம்மா இருட்டுக் கட்சி: சன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் மத்தியானமே நள்ளிரவாகிவிடும், பையன் மூன்று மணி நேரம் தூங்குவான். ஆய்வாளர் அம்மாவின் பக்கம். கடலைப் பார்க்க மேல்தளம் முழுக்க இடம் இருக்கிறது. தூங்குவதற்கு இந்த ஒரு கட்டம்தான். பால்கனியைப் பொறுத்தவரை, நாற்காலியை நகர்த்தி ஏறத் தெரிந்த நான்கு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அப்பத்தா சொல்லிவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

மேல் படுக்கை விவகாரம் மட்டும் தீரவில்லை. நான்கு பேர் அறைகளில் பகலில் மடித்துவைத்துவிட்டு இரவில் இறக்கும் படுக்கைகள் இருக்கும். இரு பிள்ளைகளுக்குமே மேலேதான் வேண்டும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆறு வயது நிரம்பாதவர்களை மேலடுக்கில் படுக்கவைக்காதீர்கள் என்கிறது. பையனிடம் இந்த ஆணையத்தின் பெயரைச் சொன்னபோது அவன் அழுதான். அப்பத்தாவையும் சேர்த்தால் ஐந்து பேர். உயிர்காப்புப் படகில் கைக்குழந்தைக்கும் ஓர் இடம் உண்டு என்பதால், ஓர் அறைக்குக் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் நெருக்கி ஏற்ற முடியாது. ஆகவே இடையில் கதவு வைத்த இரண்டு உள்ளறைகள், நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், மேலும் கீழும் அறைகளே உள்ள இடத்தில் என்று முடிவானது. அம்மாவும் பெண்ணும் ஒன்றில், மற்றவர்கள் மற்றொன்றில்; கழிப்பறைப் பக்கக் கட்டில் அப்பத்தாவுக்கு.

முடிவைச் சுமந்துகொண்டு அப்பா டிக்கெட் போடப் புதுக்கோட்டைக்குப் போனார். சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். கப்பல் தொழிலில் ஒரு வகைச் சலுகைக் கட்டணம் உண்டு: பயணி அறையின் தரத்தை மட்டும் சொல்லலாம், எந்த எண், எந்தத் தளம் என்பதைக் கம்பெனியே பார்த்து ஒதுக்கும். அடுத்தடுத்த அறைகளாகக் கிடைக்கும் என்ற உத்தரவாதம்கூடக் கிடையாது. விலை குறைவு. அதைத்தான் போட்டிருந்தார்.

“அப்ப எதுக்குடா வாசல்ல ஒரு படி கோலமாவக் கொட்டுன?” என்றார் அப்பத்தா.