பொருத்தம் பார்த்த கதை

ஒரு கவிஞரின் வாழ்க்கையைப் படித்தால் உடனே அவருக்கும் எனக்கும் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ருமேனியாவின் நீனா காஸியானிடமும் பார்த்தேன். கவிஞர், மொழிபெயர்ப்பாளர், இரண்டும் என் விசிட்டிங் கார்டிலும் இருக்கின்றன. பொருந்தியது அவ்வளவுதான்.

1924இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1947இல் வந்த முதல் தொகுப்பைக் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகை 'சீரழிவு' என்று போட்டுச் சாத்தியது. என் முதல் தொகுப்பை யாரும் திட்டவில்லை. பதிப்பாளர் பாதிப் பிரதிகளை என் வீட்டிலேயே இறக்கிவிட்டுப் போனார். திட்டு வாங்கக்கூட ஒரு சர்வாதிகாரம் அமைய வேண்டும்போல.

அதன்பின் சில ஆண்டுகள் அவர் கட்சிக்குப் பிடித்தபடி எழுதினார். உருவகத்துக்கு இன்னும் இடமிருந்த குழந்தை இலக்கியத்திலும் ஒதுங்கிக்கொண்டார். இந்த இடத்தில் எனக்குத் தெம்பு வந்தது. நானும் சமரசக்காரன்தானே! ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் மணிவிழா மலருக்கு வாழ்த்துப்பா எழுதியிருக்கிறேன். நீனாவை நெருக்கியது ஓர் அரசு. என்னை நெருக்கியது மதியச் சாப்பாடு.

மொழிபெயர்ப்புக்கு வருவோம். ஷேக்ஸ்பியர், பிரெக்ட், பால் செலான், கிறிஸ்டியன் மோர்கன்ஸ்டெர்ன் என்று ருமேனிய மொழிக்குக் கொண்டுவந்தார். மோர்கன்ஸ்டெர்ன் ஜெர்மன்காரர், அர்த்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓசையோடு விளையாடுபவர். ஆங்கிலம் வழியாக அவரைத் தமிழுக்கு இழுத்து வந்தேன். "ஒன்றும் புரியவில்லையே" என்று எழுதினார் இதழாசிரியர். மூலமும் அப்படித்தான் என்றேன். "மூலத்தில் சிரிப்பு வருமே" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

நீனா 'ஸ்பார்கா' என்று சொந்தமாக ஒரு மொழியே செய்து அதிலும் கவிதை எழுதியவர். நானும் செய்து பார்த்தேன். வாசித்துக் காட்டியபோது, "பல்லு வலியாங்க?" என்றாள் மனைவி.

1985இல் அவர் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராகப் போனார். புக்கரெஸ்டில் அவருடைய நண்பர், பொறியாளர் கெயோர்கே உர்சு, கைதானார். ரகசியப் போலீஸிடம் சிக்கிய உர்சுவின் நாட்குறிப்பில், ஆட்சியைக் கிண்டல் செய்து நீனா எழுதிய கவிதைகள் இருந்தன. அந்த நவம்பரில் உர்சு காவலில் அடிபட்டு இறந்தார். நீனா அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டார். ஊரில் வீடு பறிபோனது, நூல்கள் தடைசெய்யப்பட்டன. அறுபதைக் கடந்த வயதில் ஆங்கிலத்திலும் கவிதை எழுதத் தொடங்கி, 2014இல் நியூயார்க்கிலேயே இறந்தார். இந்தப் பக்கங்களில் பொருத்தம் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

நானும் ஒரு கிண்டல் கவிதை எழுதியிருக்கிறேன், எங்கள் மேனேஜரைப் பற்றி. வாட்ஸ்ஆப் குழுவில் போட்ட பிறகுதான் அவரும் அதில் இருப்பது ஞாபகம் வந்தது. வியர்க்க விறுவிறுக்க அழித்தேன்.

மறுநாள் லிஃப்டில், "நேத்து ஏதோ போட்டு டெலிட் பண்ணீங்களே சார்?" என்றார்.

"பொங்கல் வாழ்த்து சார். குரூப் மாறிப் போச்சு."

அப்போது ஆடி மாதம். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கவிதையைப் படித்திருந்தாலும் தன்னைப் பற்றியது என்று கண்டுபிடித்திருக்க மாட்டார் என்பது அப்புறம்தான் உறைத்தது. பயந்து பயந்து அவ்வளவு பூடகமாக எழுதியிருந்தேன்.